ரேஸ் படங்களை ஒரு மெக்கானிக் பார்த்தால்

என்னோடு உட்கார்ந்து ரேஸ் படம் பார்க்க முடியாது என்று வீட்டில் முடிவு கட்டி ரொம்ப நாளாகிறது. ரிமோட் என் கையில் இருப்பதுதான் காரணம். ஹீரோ நேர் ரோட்டில் பறந்துகொண்டிருப்பார். முன்னால் எதிரியின் வண்டி. கேமரா முகத்துக்கு வரும். பல்லைக் கடிப்பார், கியரை ஒரு தட்டு தட்டுவார், ஆக்சிலேட்டரை இன்னும் ஒரு மிதி மிதிப்பார், வண்டி பாயும். அங்கே நான் படத்தை நிறுத்திவிடுவேன். "அப்படின்னா இவ்வளவு நேரம் அரை மிதியிலயா ஓட்டிக்கிட்டு வந்தாரு?" என் மகள் தலையணையைத் தூக்கி என் மேல் எறிவாள்.

28 வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பவன் நான். பிரேக், கிளட்ச், கியர்பாக்ஸ், இவைதான் வேலை. ரேஸ் மைதானத்தில் கால் வைத்ததில்லை. ரேஸ் சரித்திரம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் படமும் புத்தகமும் கொடுத்ததுதான். ஆங்கிலப் புத்தகம் என்றால் ஒரு ராத்திரிக்கு நாலைந்து பக்கம் நகர்வேன், அதற்குள் தூக்கம் வந்துவிடும். அதனால் படம் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும், அதே கதையைச் சொல்லும் புத்தகம் மாசக்கணக்கில் தலைமாட்டிலேயே கிடக்கும். புத்தகம் முடிந்ததும் படத்தை மறுபடி போடுவேன். இந்த இரண்டாவது தடவைதான் எனக்கு உண்மையான சுகம். முதல் தடவை யார் ஜெயிக்கிறார் என்று பார்த்துவிடுகிறோம். இரண்டாவது தடவை எது தாங்கியது, எது உடைந்தது, யாரைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பார்க்கலாம்.

எடை போட எனக்கு இரண்டே படிக்கற்கள். பிரேக் பிடிப்பதைக் காட்டுகிறார்களா? காதில் விழும் இன்ஜின் சத்தம் அந்த இன்ஜினுடையதா? மற்றதெல்லாம் எனக்கு உபரி.

பிரேக் விஷயத்தில் முதல் மார்க் வாங்குவது 2019-இல் வந்த 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி'. நான் மேலே திட்டிய அந்தக் கியர் தட்டல், ஆக்சிலேட்டர் மிதி எல்லாம் இதிலும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் 1966-இல் பிரான்ஸில் நடந்த லெ மான் 24 மணி நேரப் போட்டியை எது கஷ்டமாக்கியது என்று இந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைய லெ மானில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர் ரோடு. வண்டி 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். அவ்வளவு தூரம் பிரேக்குக்கு வேலையே இல்லை, காற்றடித்து டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, ஆறிப்போயிருக்கும். ரோட்டின் கடைசியில் சுருக்கென்று ஒரு வளைவு. ஆறிக் கிடந்த டிஸ்க் சில வினாடியில் பழுத்துச் சிவக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகுமோ அதே கதைதான், வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஃபோர்டின் வண்டியில் இருந்தது 7 லிட்டர் வி8 இன்ஜின், வண்டியும் கனம். அந்த வருஷம் முதலாவதாக வந்த வண்டி 360 சுற்று ஓடியது, 4,843 கிலோமீட்டர். ஆக அந்த ஒரு வளைவில் மட்டும் 360 தடவை.

இதற்கு வழி கண்டவர் பில் ரெமிங்டன். ஃபோர்டுக்காக ரேஸ் டீமை நடத்திய கரோல் ஷெல்பியின் ஆட்களில் ஒருவர். டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடையும் பிட்டில், அதாவது போட்டியின் நடுவே வண்டியை நிறுத்திப் பழுது பார்க்கும் இடத்தில், சட்டென்று கழற்றி மாட்டும்படி ஓர் ஏற்பாடு செய்தார். படத்தில் அவர் ஒரு பாத்திரமாகவே வருகிறார். இப்படி மாற்றலாமா என்று எதிர்ப்பக்கம் சண்டைக்கு வரும் காட்சியை நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. என் ஷாப்பில் ஒரு சாதாரண காருக்கு இரண்டு பக்கமும் டிஸ்க் மாற்ற ஒரு மணி நேரம் பிடிக்கும். துருப்பிடித்த போல்ட் ஒன்று தலை உருண்டுவிட்டால் அன்றைய பொழுது போச்சு. அவர்கள் சூடு ஆறாத உலோகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ராத்திரிக் காட்சியில் சக்கரத்துக்குள் டிஸ்க் செக்கச்செவேலென்று தெரியும்போது என் மகள்கூட ஒன்றும் பேசவில்லை.

சரி, எங்கே சறுக்குகிறது? ஃபெராரி கம்பெனியின் முதலாளி, இத்தாலிக்காரர் என்ஸோ ஃபெராரியை லெ மானில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் அவர் அங்கே போகவே இல்லை. ஃபோர்டு டிரைவர் கென் மைல்ஸை 1965-இல் லெ மானுக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் விட்டுவிட்டதாகவும், அவர் இருந்த இடத்திலேயே ரேடியோவில் போட்டியைக் கேட்பதாகவும் ஒரு காட்சி. பார்க்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1965-இல் அவர் லெ மானில் புரூஸ் மெக்லாரனோடு சேர்ந்து ஓட்டினார். வண்டிதான் கடைசிவரை தாங்கவில்லை. நிஜத்தில் நடந்ததே நல்ல கதையாக இருக்கும்போது இந்தக் கண்ணீர் எதற்கு என்று எனக்கு எரிச்சல்.

முடிவு மட்டும் நிஜத்தை ஒட்டியே போகிறது. ஃபோர்டின் மூன்று வண்டிகளும் சேர்ந்தாற்போல் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று மேலிடத்தில் ஆசைப்பட்டார்கள். மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். ஆனால் மெக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஓட்டிய வண்டி தொடக்கத்தில் சில மீட்டர் பின்னால் நின்றிருந்தது. அதே 24 மணி நேரத்தில் அந்தச் சில மீட்டரையும் சேர்த்து ஓடியது என்பதால் வெற்றி அதற்குப் போனது. அதே வருஷம் டேடோனா, செப்ரிங் போட்டிகள் இரண்டையும் ஜெயித்துவிட்டு வந்தவர் மைல்ஸ். இரண்டே மாதத்தில், 1966 ஆகஸ்ட் 17-இல், ரிவர்சைடில் புது வண்டியைச் சோதிக்கும்போது இறந்துபோனார்.

இதே கதையை ஏ. ஜே. பெய்ம் 2009-இல் 'கோ லைக் ஹெல்' என்று புத்தகமாக எழுதினார். படம் பிடித்திருந்தால் அடுத்து இதைத்தான் எடுக்க வேண்டும். படத்தில் இத்தாலிக்காரர்கள் கோட்டு போட்டுக்கொண்டு முறைப்பதோடு சரி. புத்தகத்தில் அவர்களும் ரத்தமும் சதையுமாக இருக்கிறார்கள். முக்கியமாக ஜான் சர்ட்டீஸ். மோட்டார் சைக்கிளிலும் ஃபார்முலா 1 காரிலும் உலக சாம்பியன் ஆனவர் அவர் ஒருவர்தான். ஃபெராரிக்குக் கிடைத்த ஆட்களில் முதல் தரமானவர், 1966 லெ மானுக்குக் கொஞ்சம் முன்னால் டீம் மேனேஜரோடு தகராறு முற்றி வெளியேறிவிட்டார். ஃபெராரி தோற்ற கதையில் ஒரு பாதி இது. படத்தில் ஃபெராரி டிரைவர் என்றால் லொரென்ஸோ பண்டினியின் முகம்தான் நிற்கிறது. அடுத்த வருஷம் மொனாக்கோவில் தீயில் வெந்து இறந்தவர் அவர். புத்தகம் முடித்துப் படத்தை மறுபடி போட்டபோது, அந்த முறைப்பைப் பார்த்து என்னால் முன்போல் சிரிக்க முடியவில்லை.

சத்தத்துக்கு வருவோம். 1966-இல் வந்த 'கிராண்ட் ப்ரீ', ஜான் ஃபிராங்கன்ஹைமர் எடுத்தது. கதை என்று பார்த்தால் நீளமான தொலைக்காட்சித் தொடர் மாதிரி. யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதில் எனக்கு இன்றுவரை குழப்பம். அதையெல்லாம் ஓட்டிவிட்டுப் போட்டிகளை மட்டும் பாருங்கள். கேமராவை வண்டியிலேயே கட்டி வைத்து நிஜ வேகத்தில் எடுத்திருக்கிறார்கள். 1961-இல் உலக சாம்பியனான பில் ஹில், ஃபோர்டின் ஜிடி40 ரேஸ் வண்டி ஒன்றில் கேமராவைச் சுமந்துகொண்டு ஓட்டினார். நடிகர் ஜேம்ஸ் கார்னர் தன் வண்டியைத் தானே ஓட்டினார். கிரஹாம் ஹில் சின்ன வேடத்தில் வந்து போகிறார். நடிகர்கள் உட்கார்ந்திருப்பவை ஃபார்முலா 3 வண்டிகள், ஃபார்முலா 1 போல வேஷம் போட்டவை. ஆனால் காதில் விழுவது அந்தச் சின்ன இன்ஜின்களின் சத்தம் இல்லை. ஒலிக்கும் எடிட்டிங்குக்குமாக மூன்று ஆஸ்கர் வாங்கிய படம் இது.

ஒருநாள் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு வேலை செய்தேன். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஹெட்போனில் மொனாக்கோ போட்டியைச் சத்தமாக மட்டும் கேட்டேன். ஏற்றம், இறக்கம், வளைவில் கியர் இறங்குவது, சுவரில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலி. ஷாப்பில் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஸ்டீவ் மெக்வீனின் 'லெ மான்' 1971-இல் வந்தது. இதில் முதல் அரை மணி நேரத்துக்கு மேல் முக்கியப் பாத்திரங்கள் வாயே திறப்பதில்லை. என் மனைவி பாதியில், "டிவி கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். இதயத் துடிப்பு மட்டும் கேட்கும், கடிகார முள் நகரும், அப்புறம் எல்லா இன்ஜினும் ஒரே நேரத்தில் உயிர் பெறும். போர்ஷே 917-இன் 12 சிலிண்டர், காற்றால் குளிரும் இன்ஜின். ஃபெராரி 512-இன் 12 சிலிண்டர், தண்ணீரால் குளிரும் இன்ஜின். இரண்டுக்கும் சத்தத்தில் உள்ள வித்தியாசத்தை இந்தப் படத்தில்தான் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டேன். இந்தப் படத்துக்காகவே 1970-இல் நடந்த நிஜப் போட்டியில் கேமரா பொருத்திய போர்ஷே 908 ஒன்றை இறக்கினார்கள். ஃபிலிம் மாற்ற நின்று நின்று போயும் அது கடைசிவரை ஓடியது. படப்பிடிப்பு விபத்தில் டேவிட் பைபர் என்ற டிரைவர் ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்தார். கதை என்று ஒன்று இல்லாததால் இந்தப் படம் பலருக்குப் பிடிக்காது. எனக்கு அது இல்லாததுதான் வசதி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் எதுவும் கெடாது.

'ரஷ்' பற்றி என் மகளுக்கும் எனக்கும் சண்டை. அவளுக்கு ரேஸ் படங்களிலேயே பிடித்தது அதுதான். 2013-இல் வந்தது, 1976-இல் நிக்கி லௌடாவும் ஜேம்ஸ் ஹன்ட்டும் ஃபார்முலா 1 பட்டத்துக்கு மோதிய கதை. ஆகஸ்ட் 1-இல் நூர்புர்க்ரிங்கில் லௌடாவின் வண்டி தீப்பிடிக்கிறது. செப்டம்பர் 12-இல் மோன்ஸாவில் மறுபடி வண்டியில் உட்கார்ந்து நாலாவதாக வருகிறார். தலைக்கவசத்தை இழுத்து மாட்டும் காட்சியில் நானும் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன். கடைசிப் போட்டி ஃபூஜியில், கொட்டும் மழையில். லௌடா இரண்டு சுற்றில் விலகுகிறார், ஹன்ட் மூன்றாவதாக வந்து 69-க்கு 68 என்று ஒரே புள்ளியில் சாம்பியன் ஆகிறார். இதை எவராலும் கற்பனையில் உண்டாக்கியிருக்க முடியாது.

என் குறை என்னவென்றால், இருவரையும் ஜென்மப் பகையாளிகள் போல் காட்டியது. நிஜத்தில் அவர்கள் நண்பர்கள். மகள் சொல்கிறாள், "நண்பர்கள்னு காட்டினா யாருப்பா பார்ப்பாங்க?" இருக்கலாம். ஆனால் 1980-களில் வந்த லௌடாவின் தன்வரலாறு 'டு ஹெல் அண்ட் பேக்' படித்தபோது எனக்கு வேறொன்று பிடிபட்டது. மோன்ஸாவில் பயத்தை வென்றுவிட்டதாக வெளியே சொல்லிக்கொண்டது பொய், முதல் நாள் வண்டியில் பயத்தில் விறைத்துப்போனேன் என்று அவரே எழுதுகிறார். அனுதாபம் கேட்கும் தொனி கொஞ்சமும் இல்லை. இன்ஜினில் என்ன கோளாறு என்று ஜாப் கார்டில் எழுதுவது மாதிரி தன் பயத்தை எழுதியிருக்கிறார். மறுபடி படம் பார்த்தபோது, மோன்ஸா காட்சியில் பின்னணி இசை எனக்கு அதிகமாகப் பட்டது. இந்த ஒரு புத்தகத்துக்காகவாவது மகள் என் பக்கம் வருவாள் என்று காத்திருக்கிறேன். இப்போதைக்கு அவள் 30-வது பக்கத்தில் இருக்கிறாள், மூன்று மாதமாக.

ஃபார்முலா 1 சாம்பியன் அயர்டன் சென்னாவைப் பற்றி 2010-இல் வந்த 'சென்னா' ஆவணப்படம் முழுக்கப் பழைய காட்சிகளாலேயே ஆனது. நாற்காலியில் உட்கார்ந்து நினைவுகூரும் ஆட்களே திரையில் இல்லை, குரல் மட்டும். சென்னாவோடு மோதிய டிரைவர் ஆலன் ப்ராஸ்ட் விஷயத்தில் கொஞ்சம் ஓரவஞ்சனை செய்கிறது, மற்றபடி குறையில்லை. 1994-இல் இமோலா போட்டியில் சென்னா இறப்பது வரும் என்று தெரிந்திருந்தும், வண்டிக்குள் இருந்து எடுத்த அந்தக் கடைசிக் காட்சியின்போது நான் ரிமோட்டைத் தொடவில்லை.

இடையில் ஒரு வயிற்றெரிச்சல். 1950-களின் போட்டிகள் பற்றிய பழைய படப் புத்தகம் ஒன்றை இணையத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். "படங்கள் முழுமையாக உள்ளன" என்று போட்டிருந்தார்கள். வந்ததைப் பிரித்தால் நடுவில் ஒரு கற்றை பளபளப்புத் தாள்களே இல்லை. பிளேடால் அறுத்த தடம் தெரிகிறது. யாரோ சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். கடைசிப் பக்கத்துப் பட்டியலைப் பார்த்தால், போனது அத்தனையும் பிட்டில் எடுத்த படங்கள். டிரைவர்கள் கோப்பையோடு சிரிக்கும் படங்களை மட்டும் எனக்கு மிச்சம் வைத்திருக்கிறார்கள். நாலு தடவை எழுதிய பிறகு பணம் திரும்பி வந்தது. பழைய படப் புத்தகம் வாங்குபவர்கள் பக்க எண்ணைக் கேட்காதீர்கள், நடுத்தையலை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மைக்கேல் மான் எடுத்த 'ஃபெராரி' 2023-இல் வந்தது. பிராக் யேட்ஸ் 1991-இல் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் அடிப்படை, அதுவும் என்ஸோவைத் தூக்கிப் பிடிக்காத புத்தகம். படத்தில் குடும்பச் சண்டைதான் அதிகம், அதில் நான் தூங்கிவிட்டேன். ஆனால் 1957 மே 12-இல் நடந்த மில்லே மில்யா வருகிறது. இத்தாலியில் சாதாரண ஊர் ரோடுகளில் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் ஓட்டும் போட்டி. குயிடிட்ஸோலோ என்ற ஊர் அருகில் ஃபெராரி டிரைவர் போர்ட்டாகோவின் வண்டியில் டயர் வெடிக்கிறது. அவரும் உடன் இருந்த நெல்சனும் வேடிக்கை பார்க்க நின்ற ஒன்பது பேரும் இறந்தார்கள், ஒன்பதில் ஐந்து பேர் குழந்தைகள். படம் இதைப் பளிச்சென்று, தாட்சண்யமில்லாமல் காட்டுகிறது. சிறுவர்களை வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். மறுநாள் ஷாப்புக்கு வந்த முதல் வண்டியில் யாரும் கேட்காமலேயே நான்கு டயரின் பக்கச்சுவரையும் விரலால் தடவிப் பார்த்தேன். அந்த விபத்தோடு, முழு வேகத்தில் ஓட்டும் மில்லே மில்யாவுக்கு இத்தாலி அரசு முற்றுப்புள்ளி வைத்தது.

ஆனால் அதே மில்லே மில்யாவைப் பற்றி, அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எழுதப்பட்ட ஒரு கட்டுரைதான் நான் இதுவரை படித்ததில் முதலிடம். படமும் இல்லை, புத்தகமும் இல்லை. 'மோட்டார் ஸ்போர்ட்' பத்திரிகையில் டெனிஸ் ஜென்கின்சன் எழுதியது. 1955-இல் ஸ்டிர்லிங் மோஸ் ஓட்டிய மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போன ஆள் இவர். தாடிக்காரப் பத்திரிகையாளர், ஆனால் சும்மா ஆள் இல்லை. 1949-இல் சைட்கார் பந்தயத்தில் எரிக் ஆலிவரோடு சேர்ந்து உலக சாம்பியன் ஆனவர்.

இருவரும் முன்கூட்டியே அந்த ரோட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். மேடு, பாலம், ரயில்வே கேட், வளைவு ஒன்றையும் விடாமல் ஜென்கின்சன் குறித்துக்கொண்டார். ஆபத்துகளை மூன்று தரமாகப் பிரித்திருந்தார்கள். நம் பாஷையில் சொன்னால் குறும்பு, வில்லங்கம், படு மோசம். எல்லாவற்றையும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான காகிதச் சுருளில் எழுதி, ஜன்னல் வைத்த ஒரு பெட்டிக்குள் இரண்டு உருளையில் சுற்றி, ரோடு ஓட ஓட அவர் கையால் திருகிக்கொண்டே வந்தார். பேச்சுக்கு மைக் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், சரிவரவில்லை. முழுக் கவனத்தோடு ஓட்டும்போது மோஸின் மூளையில் பேச்சு ஏறவில்லை. அதனால் கை ஜாடை, மொத்தம் பதினைந்து. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாத மேட்டில், ஜாடையை நம்பி மோஸ் மிதித்த மிதியை எடுக்காமல் போயிருக்கிறார், 270 கிலோமீட்டர் வேகத்தில்.

படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஷூ வாங்கிய அட்டைப் பெட்டி, இரண்டு பென்சில், பில் போடும் மெஷினில் மிச்சமான காகித ரோல். மகள் ரோலில் வளைவுகளை எழுதினாள், நான் சோபாவில் உட்கார்ந்து திருகினேன். ஏழாவது வளைவில் காகிதம் கோணலாக ஏறி, பன்னிரண்டாவதில் கிழிந்தது. சோபா ஆடக்கூட இல்லை. அவர் மூடியில்லாத வண்டியில், காற்றும் கியர்பாக்ஸ் சூடும் தாக்க, பத்து மணி நேரம் திருகியிருக்கிறார். மொத்தம் 10 மணி 7 நிமிடம் 48 வினாடி. சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல். இரண்டாவதாக வந்த ஃபாஞ்சியோ அரை மணி நேரத்துக்கும் மேல் பின்னால்.

இவ்வளவையும் எழுதிய மனிதர், வழியில் தான் வாந்தி எடுத்ததையும் விடவில்லை. வண்டிக்கு வெளியே தலையை நீட்டியபோது காற்றடித்து மூக்குக் கண்ணாடி பறந்துபோனதாம். கண்ணாடி இல்லாமல் சுருளைப் படிக்க முடியாது, சுருளைப் படிக்காவிட்டால் மோஸுக்கு அடுத்த மேடு தெரியாது. அந்தப் பக்கத்தை ராத்திரி பதினொன்றரைக்குப் படித்தேன், அடுத்த வரிக்குப் போகப் பயமாக இருந்தது. பையில் இன்னொரு கண்ணாடி வைத்திருந்தாராம். நானும் இப்போது ஷாப்பில் ஸ்பேனர் டிராயரில் ஒன்று வைத்திருக்கிறேன்.